கருத்தக்கண்ணன் மைக்செட்டும் கிரீன்லாந்து ஐஸும்

ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸு போதும்ங்கிறீகளே அண்ணே, அது காதுகுத்தா, எழவு வீடா? ஆண்டிபட்டியில இருந்து பஸ் ஏறி பழனிசெட்டிபட்டிக்கு வந்து, கருத்தக்கண்ணன் மைக்செட்டுக் கடையில நின்னுக்கிட்டு ரெண்டு பாக்ஸு! நாலு கோன் ஹாரன் கட்டுறேன், வைகை அணை வரைக்கும் கேக்கும். உக்காருங்க. இப்பல்லாம் சத்தம்னா அம்புட்டுப் பேருக்கும் எளக்காரமாப் போச்சு. எம் மகளுக்கு மொதக்கொண்டு.

ஒரே மக, பவானி. எங்கன இருக்கா தெரியுமா? கிரீன்லாந்துல. கண்ணுக்கெட்டுன மட்டும் ஐஸு, மூணு கிலோமீட்டர் ஆழம். அதுல நூறு மீட்டருக்கு போர் போடுறாக. தண்ணிக்கு இல்லண்ணே! வருசநாட்டுல ஆயிரம் அடி போட்டும் புழுதிதேன் வருதுன்னு அழுகுறாக, இவுக ஓட்டையப் போட்டு ஆன்டெனாவ எறக்குறாக. எதுக்கு? நியூட்ரினோ வருதான்னு காது குடுத்துக் கேக்குறதுக்கு.

அது ஒரு துகளாம். வானத்துல எங்கனயோ கெளம்பி உங்க வழியா, என் வழியா, இந்தச் செவுரு வழியா எதுலயும் முட்டாமப் போயிருமாம். எப்பவாச்சும் ஒண்ணு ஐஸுக்குள்ள முட்டுச்சுன்னா பொட்டு ரேடியோ அலை கெளம்புமாம். கண்ணு சிமிட்டுற நேரங்கூட இருக்காது. ஐஸுக்குள்ள அந்த அலை ரொம்பத் தூரம் போகுமாம், அதுக்குத்தேன் அம்புட்டுப் பெரிய ஐஸு. "எத்தன பிடிச்சீக"ன்னு அவ அம்மா முத்துப்பேச்சி கேட்டதுக்கு, "இன்னும் ஒண்ணும் சிக்கலம்மா"ன்னுருக்கா. நாலு வருசமாண்ணே. நான் இப்பிடிக் கடை நடத்துனா வெளங்குமா?

இந்தக் கிறுக்கு எங்கன பிடிச்சதுங்கிறீக? நம்ம பக்கம் மலையைக் கொடைஞ்சு நியூட்ரினோ பிடிக்கப் போறாகன்னு ஊரே ரெண்டா நின்னுச்சுல்ல? வேணாம்னு கூட்டம் போட்டவுகளுக்கும் நம்ம மைக்குதேன், வேணும்னு வெளக்கம் சொன்னவுகளுக்கும் நம்ம மைக்குதேன். மைக்குக்கு ஏதுண்ணே கட்சி? அப்ப இவளுக்குப் பதினாலு வயசு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உக்காந்து ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணு விடாமக் கேட்டா. நான் கேக்கல, எனக்கு ஒயர் வேலை.

பெறகு பன்னெண்டாவது பரீச்சை. பங்குனித் திருவிழா சமயம் ஒரு ஹாரன எங்க வீட்டப் பாத்துக் கட்டியிருந்தேன், நம்ம சத்தம் நம்ம தெருவுல கேக்க வேணாமா? "அப்பா, அந்த ஒரு ஹாரன மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்கப்பா"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சத்தமே இல்லாத ஊரு எங்கன இருக்கோ, அங்கன போயி இருந்துக்க"ன்னேன். இருந்துக்கிட்டா. அன்னைக்கில இருந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. எல்லாம் அம்மாகிட்டத்தேன்.

இன்னைக்கித்தேன் அண்ணே, அஞ்சு மணிக்கு எனக்குப் போன் போடுறா. மூணு வருசம் இருக்கச் சொல்லி அங்கன கேக்குறாகளாம். "அப்பா ஒரு வார்த்த வான்னு சொன்னா வந்துர்றேன், இல்லேன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்"ன்னு முத்துப்பேச்சிகிட்டச் சொல்லியிருக்கா. அங்கன சாட்டிலைட் போனு, ஆளுக்குப் பத்து நிமிசம்தேன் லைன். சொல்லிருவேன். வந்துரு ஆத்தான்னு சொல்லிருவேன், எனக்கென்ன வீம்பு?

அதுக்கு முன்ன உங்களுக்கு ஹாரனப் போட்டுக் காட்டிருறேன். ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்… ஒண்ணு ரெண்டு மூணு. எப்பிடி? கொட்டக்குடி ஆத்துல மீனு துள்ளியிருக்கும். பாட்டு ஓடட்டும், ஆம்ப்ளிஃபயர் சூடேறணும்.

என்ன, மேசையக் காட்டுறீக? ஆம்ப்ளிஃபயரா? புதுசுண்ணே, ஆயிரம் வாட்ஸ்.

கிரீன்லாந்துல வாக்கிடாக்கியில பேசுனாக்கூட ஆன்டெனா அதைத்தேன் பிடிக்குமாம். ப்ளேன் வந்தா அன்னைக்கிக் கேட்டது பூராம் குப்பையாம். சின்னச் சத்தம் கேக்கணும்னா பெரிய சத்தம் எல்லாம் வாய மூடணுமாம். இது என்ன ஞாயம்? பெரிய சத்தம்தேனண்ணே ஊருக்கு அழகு. சத்தமில்லாத காதுகுத்துக்கு எந்தத் தாய்மாமன் வருவான்? மறுபடியும் என்ன காட்டுறீக? பில்லு புக்கா? கெடக்கட்டும். வாய வாய அசைக்கிறீக, தண்ணி வேணுமா? பானை அங்கன இருக்கு.

மணி என்னண்ணே? இருங்க, பாட்ட அமத்துறேன். என்ன சொன்னீக?

அஞ்சே இருவதா?

எங்க என் போனு… பில்லு புக்குக்கு அடியில பாதி தெரியுது… மூணு தடவ அடிச்சிருக்கா. திருப்பி அடிச்சா அந்த நம்பருக்குப் போகாதுண்ணே. ஏதோ எழுதி அனுப்பியிருக்கா, பாருங்க. "அப்பா, எடுக்கல நீங்க. என் நேரம் முடிஞ்சிருச்சு. இருந்துக்கன்னு அர்த்தம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

மூணு வருசம்ணே.

நீங்க கையக் காட்டுனது போனத்தேனா? ஏண்ணே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

சொன்னீகளா? நாலு தடவையா?

கேக்கலையேண்ணே.

ரெண்டு பாக்ஸே கட்டுறேன், போயிட்டு வாங்க.