தலைப்பிரசவத்துக்குத் தடை

மொரப்பூர் ஸ்டேஷனில், சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் ஒருவன் கர்ப்பிணி மனைவியோடு ரயிலுக்கு நின்றான். மாமியார் மகளின் கையை விடவில்லை.

“தலைப்பிரசவம் பெத்தவ வூட்டுலதான் மாப்பிள்ளை.”

“அந்த வழக்கத்தாலதான் கெட்டோம் அத்தை. எங்கம்மா எங்கண்ணன இங்க வந்து பெத்தாங்க, என்னையத் தோட்டத்துல பெத்தாங்க. புதுச் சட்டத்துல நான் அந்த நாட்டுக்காரன், அவன் அந்நியன். அவனுக்கு வெளிய போன்னு காகிதம் வந்திருச்சு. எம்புள்ளைக்கும் அந்தக் கதி வேணுங்களா?”

“ஒரே வயித்துல பொறந்தவங்களப் பிரிக்க அவனுங்க யாரு? சரி, நானே வந்து பிரசவம் பாக்கறேன்.”

“நீங்க அங்க வர பர்மிட் வேணுங்க. தர மாட்டாங்க.”

“எம்பொண்ணுக்குப் பிரசவம் பாக்க எவங்கிட்ட கெஞ்சணும்?”

ரயில் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். தாய் மடியிலிருந்த பிரசவ மருந்துப் பொட்டலத்தை ஜன்னல் வழியே மாப்பிள்ளை கையில் திணித்தாள். வலி கண்டதும் எதை அரைத்துத் தரவேண்டும் என்று, நகரும் வண்டியோடு ஓடிக்கொண்டே அந்த ஆண்பிள்ளைக்குக் கத்திக் கத்திச் சொன்னாள்.