தனி ஆளுக்கு அறை இல்லை

என் கைப்பைக்குள்ளிருந்து 'கீ' என்று சத்தம் வந்தபோது நான் மணிகண்டபிரபுவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பால் நன்றாக இருந்தது. அவன் அந்தக் காபியைத் தொடாமலே எழுந்து போனதில் எனக்கு வருத்தம்தான்.

காது மெஷினை அணைக்காமல் மூடி வைத்தால் அப்படித்தான் கத்தும். அவன் தன் அத்தை பார்வதியம்மாள் வீட்டில் வளர்ந்தவன். அது என்ன சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தையின் மெஷின் ஆற்றோடு போய்விட்டது என்று நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

அவன் நேராக இங்கே வந்து புகார் கொடுத்ததால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மேடம். சங்கரேஸ்வரி என்று உங்கள் காக்கிச் சட்டையில் பெயர் பார்த்தேன். பயந்துபோய்ச் சொல்லவில்லை. மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

நான் ஆனந்தவள்ளி. தென்காசியில் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கண்ணீர்க் கதை எதுவும் கிடையாது, தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் தனியாக இருப்பதற்கு ஒரு பெண் அபராதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சீசனில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தேன். இரண்டு நாள் குற்றாலத்தில் தங்கலாம் என்று ஒரு லாட்ஜுக்குப் போனேன்.

"கூட யாரும் வரலியாம்மா?" என்றார் மேனேஜர்.

"நான் மட்டுந்தான்."

"தனி ஆளுக்கு ரூம் குடுக்கது இல்ல. ஏதாவது பண்ணிக்கிட்டா போலீசு, கேசுன்னு நாங்கல்லா அலையணும்."

"நான் என்ன பண்ணிக்கிடப் போறேன்?"

"ஒங்கள சொல்லலம்மா. பொதுவாச் சொல்லுதேன்."

எனக்குப் பின்னால் நான்கு ஆண்கள் நின்றார்கள். அவர்கள் பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவர்களுக்குச் சாவி கிடைத்தது. நான் சுண்ணாம்பு வாடையிலேயே படுத்துத் தூங்கினேன்.

கப்பல் பயணம் பற்றி ரத வீதியில் டிராவல்ஸ் நடத்தும் வேல்ராஜிடம்தான் கேட்டேன். கொச்சியில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டே போய், மும்பையில் இறங்குவது. விளம்பரப் பலகையில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருந்தான். எடுத்துக் கொடுத்தேன். தலையைச் சொறிந்தான்.

"யக்கா, அது ஒரு ரூம்ல ரெண்டு பேர் போனாத்தான். ஒத்தையாப் போனா ரெண்டாளுக்கும் நீங்கதான் கட்டணும்."

"நான் ஒரு கட்டில்லதானப்பா படுப்பேன்?"

"இன்னொரு கட்டிலு சும்மா கெடக்கும்லா, அதுக்கு."

"அப்போ ரெண்டாளு சாப்பாட்டையும் நானே திங்கணுமா?"

"தின்னாலும் திங்காட்டாலும் சார்ஜ் சார்ஜ்தான்க்கா," என்று சிரித்தான்.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை, மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாத துணைக்கு நான் பணம் கட்ட மாட்டேன். அதுதான் விஷயம்.

வேல்ராஜே ஒரு வழி சொன்னான். செங்கோட்டையில் இன்னொரு அம்மாளும் தனியாகப் போக ஆசைப்படுகிறாளாம்; இருவரும் ஓர் அறையில் போகலாமே என்றான். அப்படி வந்தவள்தான் பார்வதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவளுக்குக் கடைசியில் காது போயிருந்தது. "ஊர்க்கதை கேட்டுக் கேட்டுத் தேஞ்சுபோச்சுட்டி," என்பாள். எங்களுக்கு ஒரே வயசு. பார்த்த அன்றே 'ஏட்டி' போட்டுவிட்டாள்.

வாரா வாரம் ரயிலேறி வந்தாள். இருவரும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கினோம். கப்பலில் எந்தக் கட்டில் யாருக்கு என்று சண்டை போட்டோம். சன்னல் பக்கம் எனக்கு என்று முடிவானது. இதையெல்லாம் வைத்து நான் அவளிடம் ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் துணை தேவைப்படவில்லை. அந்த விதிக்குத் தேவைப்பட்டது.

கப்பலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஐப்பசியில், அவள் போன் செய்தாள்.

"வள்ளி, நான் வரலட்டி. பிரபு பொண்டாட்டிக்கு மாசம் நெருங்கிட்டு. நான் இல்லாம முடியாதுங்கான்."

"அவளுக்கு அம்மா இல்லையா?"

"இருக்கா. இருந்தாலும் நான் வேணுங்கான்லா," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

வேல்ராஜிடம் போனேன். அவள் விலகினால் அறை முழுவதற்கும் நான்தான் கட்ட வேண்டும், ஆளை மாற்றவும் இனி முடியாது என்றான். "ஆளு செத்துப்போயி சர்டிபிகேட் குடுத்தாத்தான் விடுவானுவ," என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். கருவூலத்தில் வருஷா வருஷம் ஓய்வூதியக்காரர்களிடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்கியவள் நான். அது எனக்கு நியாயமான விதியாகத்தான் பட்டது.

அவள் மனசை மாற்றலாம் என்றுதான் குற்றாலத்துக்குக் கூப்பிட்டேன். திட்டம் போட்டிருந்தால் அவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது.

அருவியில் கூட்டம். கீழே, ஆறு பாறைகளுக்கு நடுவே பரந்து ஓடும் இடத்துக்குப் போனோம். தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. வழக்கம்போல மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நடுப்பாறையில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். குளித்துக்கொண்டே, பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பெயர் யோசித்தாள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோலச் சத்தமாக. நான் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

நான் கரையேறிச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது மேலே அருவியில் அபாயச் சங்கு ஊதியது. மலையில் மழை பெய்து வெள்ளம் வந்தால் ஊதுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை வாரிக்கொண்டு ஓடினார்கள். பார்வதி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னட்டி?"

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நான் சிரித்தேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். முதுகைத் தேய் என்று சைகை காட்டினேன்.

அவள் திரும்பி உட்கார்ந்து முதுகைத் தேய்த்தாள்.

நான் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு வந்தபோது முதலில் கத்தியது நான்தான். அதற்கு அங்கே சாட்சிகள் உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. அந்தக் கையசைப்பு அவளைக் கொல்லும் என்று தெரிந்துதான் கையை அசைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்னை விட்டுப் போவதற்கு அவளுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. எனக்கு ஒரு கையசைப்பு போதுமாக இருந்தது.

உடல் கிடைத்தது, இறப்புச் சான்றிதழ் வந்தது. கப்பல்காரர்கள் இரங்கல் தெரிவித்து, ஒற்றை ஆளுக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்திக்கு உரியதை மட்டும் கட்டி, இரண்டு கட்டில் போட்ட அறையில் இருந்தேன். ஊரில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. சன்னல் பக்கக் கட்டிலில் நான் படுத்தேன். இரண்டாவது கட்டிலின் போர்வையை எடுத்துப்போக வந்த பையனை, கிடக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். தனியாகவே சந்தோஷமாக இருந்தேன், மேடம். யாருடைய துணையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி அந்த மெஷினை மேஜைமேல் வைத்தார். அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதன் சின்னக் கதவைத் திறந்து பேட்டரியை வெளியே தள்ளினார். சத்தம் நின்றது.

"இந்தப் பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல நிக்காதாம். அந்தம்மா செத்து ஒரு மாசமாவுது. இத மாத்துனது யாரு?"

"நான்தான். கப்பல்ல வச்சு ஒரு தடவ, வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ."

"எதுக்கும்மா?"

பேட்டரியைத் தரும்படி நான் கையை நீட்டினேன்.

"நான் பேசுதது பின்ன அவளுக்கு எப்படி மேடம் கேக்கும்?"