விற்றுப்போன மண்புழு

தொண்ணூறுகளில் ஒருநாள், லண்டனில் லூயிஷாம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சோகமாகச் சொன்னார்:

“எங்கட ‘மண்புழு’வை வித்துப்போட்டம், அண்ணை.”

“மண்புழுவையோ? அதை ஆர் வாங்கினது?”

“பெரிய பதிப்பகம் ஒண்டு. அது எங்கட மண்புழு ஆராய்ச்சிச் சங்கத்தின்ரை சஞ்சிகை. அச்சுச் செலவு தாங்க ஏலாமல் குடுத்திட்டம். அவங்கள் விலையை ஏத்தினதிலை இப்ப சங்கத்துக்கே வாங்க ஏலாது.”

“அப்ப நீர் எப்பிடி வாசிக்கிறீர்?”

“கட்டுரை எழுதிறவைக்கு ஒரு பிரதி சும்மா வரும். அதுக்காகவே ஒவ்வொரு இதழுக்கும் எழுதுறன். மண்புழுவைப் பற்றிச் சொல்ல இனி ஒண்டும் மிச்சமில்லை, அண்ணை. வாற இதழுக்கு, மண்புழுவுக்குக் கோவம் வருமோ எண்டு எழுதியிருக்கிறன்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

“வருமோ?”

“இதழ் வரட்டும். வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”