தூக்கிப்போட்ட பெயர்

பொழுது இறங்கிவிட்டது, இருட்டு இன்னும் முழுதாக வரவில்லை... அந்த நேரம். புல்வெளி நடுவே ஒற்றைத் தடம். முகாம் முழுக்க முன்னால் போய்விட்டது, அதன் புழுதிகூட அடங்கிவிட்டது. பின்தங்கியது ஒருத்திதான், ஆத்தோமா. என் நண்பன் செட்பாகோவின் அக்கா. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். நெருப்புக்குக் கிட்டே வாருங்கள். சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளட்டும்.

அதற்கு ஆறு நாள் முன்னால் ஆத்தோமாவின் ஏழு வயது மகள் இருமி இருமிச் செத்துப்போனாள். நம் வழக்கப்படி எல்லாம் செய்தார்கள். தாய் தலைமயிரை அறுத்துக்கொண்டாள். பிள்ளையின் உடுப்பு, பொம்மை, நாய்க்குட்டிக்குக் கட்டி அவள் இழுக்கவிட்டு விளையாடிய சின்னக் கழிகள், எல்லாம் தீயில் போயின. பெயரையும் தூக்கிப்போட்டார்கள். தினமும் நம் கைபடும் ஒரு பொருளின் பெயர்தான் அவளுக்கு. அன்றிலிருந்து முகாமில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்தப் பொருள் வேண்டுமென்றால் சுற்றிவளைத்துத்தான் கேட்டார்கள். மறுநாள் விடியும் முன்னே கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். செத்தவர்களுக்கு நம்மிடம் இருக்கும் மருந்து அது ஒன்றுதானே... நடப்பது.

அந்த மாலை ஆத்தோமாவின் குதிரைக்கு இருபுறமும், முனை மண்ணில் இழுபடும்படி, சுமை ஏற்றும் நீளக் கழிகளைக் கட்டிய வார் தளர்ந்தது. கழிகளுக்கு நடுவே கூடையில் அவளுடைய நான்கு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வாரை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி குனிந்தாள். அவசரம். ஒரு பொருள் தேவைப்பட்டது. திரும்பாமலே மறு கையைப் பின்னால் நீட்டி, வாய்தவறி, அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்டுவிட்டாள்.

பொருள் அவள் உள்ளங்கைக்கு வந்தது.

சில்லென்று இருந்தது. கருகிய மயிர் வாடை... திரும்பிப் பார்த்தாள். மகன் வாயைத் திறந்து தூங்குகிறான். வேறு யாரும் இல்லை.

மறுநாள் நடக்கையில் பின்னால் ஒரு சத்தம். ஸ்ர்ர்... ஸ்ர்ர்... நின்றால் அதுவும் நின்றது. குதிரை இழுக்கும் கழிகள் மண்ணில் இரண்டு கோடு போடும். அவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு கோடு, ஒல்லியாக. நாய்க்கால் தடம் இல்லை, மனிதத் தடமும் இல்லை. அவளுக்கு நூறடி பின்னால் வந்து நின்றிருந்தன. அடுத்த நாள் ஐம்பதடி.

புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள். "முகாம்ல எத்தனை நாய் கழி இழுக்குது. நாய்க் கோட்டுக்கெல்லாம் பயந்தா நாம எங்க போய்ப் பொழைக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தம்பி செட்பாகோவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லி அழுதாள். "போன்னு சொல்லணும்னாலும் பேரைச் சொல்லித்தானேடா சொல்லணும். நான் என்னடா பண்ணுவேன்?"

பாவம், அவன்தான் என்ன செய்வான்? நடந்தார்கள்.

நான்காம் நாள் பார்த்தால் இரண்டே கோடு. புருஷன் சிரித்தான். ஆத்தோமா உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் நேற்றைவிட ஆழமாக இருந்தன. கூடையில் மகன் ஓரத்தில் ஒண்டிப் படுத்திருந்தான். நேராகப் படுக்கச் சொன்னாள்.

"அக்கா இடிக்கிறாம்மா" என்றான்.

அன்றிரவே அவனுக்கு இருமல் கண்டது. ஆத்தோமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் தடுத்தும் கேளாமல், தனியாக விடிய விடிய நடந்தாள். இரண்டு பிள்ளை கனம் கனத்ததாம். விடியும்போது ஒரு பிள்ளை கனம்தான் இருந்தது. அதற்கும் மூச்சில்லை.

அவன் பெயரையும் தூக்கிப்போட்டார்கள்.

அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் எது என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்தச் சொல் என்று சொல்லி உங்களை எச்சரிக்கக்கூட எனக்கு வழியில்லை. நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை, உங்கள் மேலும் குற்றமில்லை. ஆனால் இன்று பொழுது சாய்ந்து கூடாரக் கதவை இழுத்துக் கட்டும்போது, உங்களில் ஒருவர் அந்தப் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டீர்கள். என் காதில் விழுந்தது. நாங்கள் யாரும் எழுந்து எடுத்துக் கொடுக்கவில்லை...

அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.