கப்பல் வருமென்று பூசிய ரூஜ்

“மூணு நாளா கப்பலுக்காகக் கன்னத்துல ரூஜ் பூசிப் பூசியே டப்பா தீந்துபோச்சுக்கா.”

தீவில், ஹேடோ கப்பல்துறை வாசலில் மெட்ராஸ் கப்பலுக்காகக் காத்திருந்த வரிசையில், எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் சொன்னாள். கன்னம் ரெண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. கழுத்து வெளுத்துக் கிடந்தது.

கூட நின்ற அக்கா கேட்டாள். “இதெல்லாம் எதுக்குடி?”

“அம்மா வருதுல்ல. எனக்கு மலேரியா வந்ததை எழுதவேயில்லக்கா. எல்லாக் கடுதாசியிலயும் சௌக்கியமா இருக்கேன்னுதான் எழுதினேன்.”

“இந்த வெளுப்பைப் பாத்தா அம்மா என்ன பண்ணிரும்?”

“அதே கப்பல்ல ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரும். எங்க வீட்டுக்காரரு இங்க தனியா என்ன செய்வாரு?”

துறைமுகப் பியூன் வெளியே வந்தார். “ஆஜ் நஹீ. ஜஹாஜ் கல் ஆயேகா.” இன்றைக்கும் இல்லை, நாளைக்குத்தானாம். வரிசை முனகிக்கொண்டே கலைந்தது. எனக்கும் கால் கடுத்தது.

அவள் முந்தானையால் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். அடியிலும் அதே வெளுப்பு.

“நாளைக்கு என்னடி பூசுவ? எங்கிட்ட குங்குமம் இருக்கு, எண்ணெயில குழைச்சுத் தரவா?”

“வேணாங்க்கா. அம்மா இப்படியே பாக்கட்டும், கூட்டிட்டுப் போனா போவட்டும்.”