லிஃப்ட்காரனுக்குப் பாட்டு கிடையாது

அட, உக்காருங்க சார், இப்போதைக்கு ரெக்கார்டிங்குக்கு உள்ள கூப்பிட மாட்டாரு. எங்க வீட்டு மாப்பிள்ளை மைக்கை ஒரு இன்ச் நகர்த்திட்டு, கண்ணை மூடி யோசிப்பாரு. அப்புறம் பழைய இடத்துக்கே நகர்த்துவாரு. அதுக்குள்ள நீங்க ஒரு தூக்கம் போடலாம். அந்த சோபா வேண்டாம், ஸ்பிரிங் குத்தும். இப்படி வாங்க.

கதை சொன்னாரா உங்களுக்கு? இல்லையா? நல்லா இருக்கு போங்க! எட்டாவது பாட்டு பாட வந்திருக்கீங்க, எதுக்குக் கத்தறோம்னே தெரியாமயா? கேளுங்க. ஒரு லிஃப்ட். கீழ போகுது. தரைத்தளம் வந்தும் நிக்கல, பூமிக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. ஒவ்வொரு மாடியிலயும் ஒருத்தன் ஏறி, தான் செஞ்ச பாவத்தைப் பாடுவான். எட்டு மாடி, எட்டு பாவி, எட்டு விருந்தாளிப் பாடகர். சிரிக்காதீங்க, எங்க மாதிரி ராக் பேண்டுங்க, ப்ராக்ரஸிவ் மெட்டல்காரங்க, ஆல்பம் முழுக்க ஒரே கதையைப் பாடினா அதுக்குப் பேரு கான்செப்ட் ஆல்பம். இந்த எட்டு போக இன்னொரு பாட்டு முழுக்கக் கதவு மூடறது மட்டும்தான்.

நானா? இந்த பேண்டை ஆரம்பிச்சதே நான்தான். பாடகரும் நான்தான். மாப்பிள்ளை அப்ப கிடாரைத் தூக்கிட்டு என் பின்னாடி சுத்திட்டிருந்தவன். டேய்னா ஓடி வருவான். என் தங்கச்சியைக் கட்டினான், அன்னையோட டேய் போச்சு. வாங்க மாப்பிள்ளை, சொல்லுங்க மாப்பிள்ளைதான். ஒரு வார்த்தை திட்ட முடியுதா? தங்கச்சி மூஞ்சி முன்னாடி வந்து நிக்குது.

எனக்கும் இதுல ஒரு வேஷம் உண்டு. லிஃப்ட் ஓட்டறவன். எனக்கு என்ன பாட்டுன்னு கேட்டேன். அவன் ஊமை, மச்சான், அதுலதான் ஆழமே இருக்குன்னுட்டாரு. வாயை மூடிட்டு அட்டைப் படத்துல நிக்கணும், அவ்வளவுதான்.

தொண்டையா? ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளா இப்படித்தான் கரகரங்குது.

ஆனா மத்தவங்களுக்கு வழிகாட்டற ட்ராக் மட்டும் நான்தான் பாடணும். பின்ன? தாளத்தை ஏழு ஏழா எண்ணிட்டுப் போவீங்க, திடீர்னு பதினொண்ணாக்கிருவாரு. எங்க நுழையறதுன்னு வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால எட்டு பேர் பாவத்தையும் முதல்ல நான் பாடி வைக்கறேன். விருந்தாளி அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே பாடுவாரு. டேக் ஓகே ஆனதும் என் குரலை அழிச்சிருவாங்க. தொழில் அப்படி. வீடு எழும்பினப்புறம் சாரத்தைப் பிரிக்கத்தானே செய்வாங்க. ஏழு மாடி பிரிச்சாச்சு.

வந்தவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஒருத்தர் சொந்தத் தலையணையோட வந்தாரு. ஒரு அம்மா தேன் பாட்டிலைத் தவிர எதையும் தொடல. அஞ்சாவது மாடிக்காரர் வரவே இல்ல, வீட்டு பாத்ரூம்ல நின்னு பாடி அனுப்பிட்டாரு. மாப்பிள்ளை கேட்டுட்டு, என்னா ஆழம்னு கண்ணு கலங்கறாரு. குழாய் சொட்டற சத்தம் சார் அது!

நீங்க பாடப் போற பாவியா? அவன் ஒரு தப்பும் செய்யல. பேச வேண்டிய இடத்துல எல்லாம் சும்மா இருந்துட்டான், அதுதான் பாவமாம். கடைசியில ஒரு நீளக் கத்தல் வரும். நான் ஒரே மூச்சுல கத்தி வச்சிருக்கேன். நல்லா வந்திருக்கு சார். நானே சொல்லிக்கறேன், வேற யாரு சொல்லப் போறாங்க?

அப்ப நானே பாடியிருக்கலாமேன்னா கேக்கறீங்க? அடுத்த ஆல்பத்துல நீங்க பாடுங்க மச்சான்னு மாப்பிள்ளையும் சொல்லியிருக்காரு. நாளைக்கு ஆபரேஷன் சார் எனக்கு. தொண்டையில கட்டி. பேச்சு வந்துரும்ங்கறாரு டாக்டர். பாட்டைப் பத்திக் கேட்டா ஃபைலைப் புரட்டறாரு.

ஐயோ, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க, உக்காருங்க. மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சா ஓன்னு அழுவாரு. அழுது முடிச்சு என்னை வச்சே ஒன்பதாவது மாடி கட்டிருவாரு. வீட்டுல தங்கச்சிகிட்டக்கூட இன்னும் வாயைத் திறக்கல. பயமா இருக்கு சார், வேற என்ன.

இதோ, லைட் எரியுது, கூப்பிடறாரு. போங்க. பாடி முடிச்சதும், ட்ராக்கை அழிச்சிரலாமான்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேப்பாரு. என் குரலுக்கு அடியில அதுவும் மெல்லிசா இருக்கட்டும், எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிருங்க. நான் சொன்னா எடுபடாது. விருந்தாளி சொன்னா கேப்பாரு.