கடலுக்கு முதுகு காட்டிய கதிரை

ஆதம்பாவா மைமூனா ஆகிய நான், வயது நாற்பத்தொன்று, மருதமுனை சுனாமி வீட்டுத்திட்டத்தில் மகள் றிஸ்னாவுடன் வசிக்கிறேன். கணவர் இல்லை. தொழில் தையல், போன ஞாயிற்றுக்கிழமை வரை. எங்கள் கார்மென்ட்டின் சுப்பர்வைசராக இருந்த பளீல் என்பவர் நான் அவரைச் செருப்பால் அடித்ததாகச் செய்த முறைப்பாடு சம்பந்தமாக இன்று பொலிஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். என்னை யாரும் வெருட்டவில்லை. என்னை வெருட்டுவது லேசுமில்லை.

பளீலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பழைய வீட்டில் எங்களுக்கு அடுத்த வளவு. கூடப்பிறந்த அக்காவைப் போல என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். சுனாமி வந்த அன்று என் கணவரும் மகன் ஸிராஜும் போய்விட்டார்கள். மகனின் மையித்துக் கிடைக்கவில்லை. அப்போது ஆறு வயதாக இருந்த றிஸ்னாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, பள்ளிவாசல் மாடியில் ஏற்றியவர் பளீல்தான். திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய மனைவி இல்லை. அதன் பின்னர் அகதி முகாமில் இருந்த காலத்திலும், வீடு கிடைத்த பிறகும், நான் ஆக்கிய சோற்றில் அவருக்கு ஒரு பங்கு எப்போதும் இருந்தது. இதைச் சொல்லிக்காட்டவில்லை. அவரை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதன் பின்னர் கொழும்பு முதலாளி ஒருவர் இங்கே கார்மென்ட் திறந்தார். மருதமுனைப் பெண்களும் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண்களும் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்து தைத்தோம். என் பக்கத்து மெசின் பாண்டிருப்பு செல்லத்தங்கம். வருடத்தில் ஒரு நாள், கச்சான் காற்று அடிக்கும் காலத்துப் பள்ளிக்கூட லீவில், எல்லாரும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவோம். கயிறு இழுப்போம், கதிரை சுற்றி ஓடுவோம். ஒரே கிடாரத்தில் மீன்கறி ஆக்குவோம். இறைச்சி என்றால் யார் அறுத்தது என்று கேள்வி வரும், மீனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

முதல் வருடம் ஒருவரும் வர விரும்பவில்லை. கடல் என்றால் றிஸ்னா காதைப் பொத்துவாள். பளீல்தான் வீடு வீடாக வந்து, "பிள்ளையள் கடலுக்குப் பயந்து வளரப்படா ராத்தா" என்றார். அப்போது அவரே இரண்டு சட்டம் வைத்தார். ஒன்று, ஒருவரையும் விட்டுவிட்டுப் போவதில்லை, கிழவர் நோயாளி என்றாலும் தூக்கிக்கொண்டு போவது. மற்றது, கரையில் ஒரு கதிரை போட்டு, ஒருவர் விசிலோடு கடலைப் பார்த்தபடி இருப்பது. அவர் சாப்பிடமாட்டார், கதைக்கமாட்டார், திரும்பமாட்டார். இன்னொருவர் வந்து கதிரையில் கை வைத்தால்தான் எழும்பலாம். விசில் கேட்டால் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடவேண்டும். விசிலை நாங்கள் பெண்கள் சேர்ந்து கல்முனை பஸாரில் வாங்கினோம். அந்தக் கதிரை இருந்தபடியால்தான் என் மகள் கடலில் கால் வைத்தாள். அந்தக் கதிரையில் நானும் இருந்திருக்கிறேன். இருந்து எழும்பினால் கண் எரியும்.

இந்த வருடம் நோன்புக்கு முதல், முதலாளி மெசின்களை வேறு ஊருக்கு ஏற்றப்போகிறார் என்று கதை அடிபட்டது. ஒரு நாள் லொறி வந்தது. நாங்கள் கேற்றுக்கு முன்னால் பாய் விரித்து இருந்துவிட்டோம், லொறி வந்த வழியே போய்விட்டது. பளீலும் எங்களோடு பாயில் இருந்தார். அதன் பின்னர் அவர் எங்களிடம் வந்து, யுத்தமும் முடிந்துவிட்டது, இந்த முறை தூரத்துக்குப் போவோம், அறுகம்பேக்குப் போவோம், பஸ் முதலாளி தருகிறார் என்றார். முதலாளி எங்களுக்குப் பிளேன்டீக்குச் சீனி தந்ததே பெரிய காரியம். பஸ் தருகிறாரா என்று நான் கேட்டேன். "நீங்க எல்லாத்துலயும் குத்தம் புடிக்கிற ராத்தா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வோச்சர் புண்ணியமூர்த்தி, தான் வரவில்லை, கேற்றைப் பார்க்கவேண்டும் என்றார். அவரை விடாமல் இழுத்தது நாங்கள்தான். "ஒத்தரையும் உட்டுட்டுப் போறல்ல, அது நம்மட சட்டம்" என்று நானே அவருடைய பையை வாங்கி பஸ்ஸில் போட்டேன். கேற்றில் பூட்டுப் போட்டுத் திறப்பைப் பளீலிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டோம், பளீல் மட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். கோமாரிச் சோதனைச் சாவடியில் முன்னென்றால் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்று நடக்கவேண்டும். அன்று கை காட்டி விட்டார்கள். செல்லத்தங்கம் அடையாள அட்டையைக் கையில் வைத்தபடியே இருந்தாள், பொத்துவில் தாண்டியும் அதை உள்ளே வைக்கவில்லை. அறுகம்பேயில் வள்ளங்கள் கட்டும் அமைதியான மூலையில் இறங்கினோம். வெள்ளைக்காரர்கள் பலகையில் அலை ஏறுவதைப் பிள்ளைகள் வாய் பார்த்தார்கள். கதிரைக்கு முறை போடும்போது பளீல், "நீங்க எல்லாரும் சந்தோசமா இரிங்க, இண்டைக்கு முழுக்க நான் பாக்கிறன்" என்றார். அவருக்காக மனதுக்குள் துஆக் கேட்டேன்.

அதன் பின்னர் மீன் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு, அவர் பாவம் வெயிலில் இருக்கிறாரே, ஒரு மிடறு பிளேன்டீயாவது கொடுத்து, அவர் குடிக்கும்வரை கடலை நான் பார்க்கலாம் என்று கொண்டுபோனேன். கதிரை திரும்பியிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி, றோட்டைப் பார்த்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். "ஓம், எல்லாரும் இஞ்சதான். பயமில்லாம ஏத்துங்க" என்றார். என்னைக் கண்டதும், "பஸ்ஸுக்கு சாமான் ஏத்துறாங்க ராத்தா" என்றார். காலை வெயில் கண்ணில் குத்தியபடியால் திரும்பியிருக்கிறார் என்று நான் எண்ணினேன்.

அப்போதுதான் கடலில் சத்தம் கேட்டது. அலை ஒன்று றிஸ்னாவின் காலை வாரிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் தெரியவில்லை. விசில் ஊதவில்லை. விசில் பளீலின் மடியில் கிடந்தது. பக்கத்தில் நின்ற செல்லத்தங்கம் பாய்ந்து பிள்ளையின் பின்னலைப் பிடித்து இழுத்து எடுத்தாள். பிளேன்டீ மணலில் கொட்டியது, நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிள்ளை உப்புத் தண்ணீரைக் கக்கினாள். செல்லத்தங்கம் அழுதுகொண்டே, "விசில் எங்க போன புள்ள? ஆர் கதிரையில?" என்று கேட்டாள். பளீல் மெதுவாக நடந்து வந்து, "ஒண்டுமில்ல ராத்தா, சின்ன அலைதானே" என்றார்.

வேறு ஒருவர் என்றால் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அதே பிள்ளையைத் தோளில் போட்டு ஓடிய மனிசன் அல்லவா. அந்த நன்றிக்கடன் என் வாயைக் கட்டிப்போட்டது. மீன்கறி ஆக்கினோம், சாப்பிட்டோம். கயிறு இழுத்ததில் எங்கள் பக்கம் வென்றது. றிஸ்னாவை நான் மடியை விட்டு இறக்கவில்லை.

அதன் பின்னர் மஃரிப் நேரம் கார்மென்ட் வாசலுக்கு வந்து இறங்கினோம். பளீல் மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார். கேற்றில் பூட்டு இல்லை. புண்ணியமூர்த்தி லைட் போட உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்து, "உள்ளுக்கு ஒண்டுமில்ல பிள்ளையள்" என்றார். நாங்கள் எல்லாரும் உள்ளே போனோம். மெசின்கள் நின்ற இடத்தில் சிமெந்து மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் மெசினுக்கு முன்னால் இருக்கத் தைத்து வைத்திருந்த மெத்தையைச் சுவரோரம் எறிந்திருந்தார்கள், அதில் சப்பாத்து அடையாளம். பெண்கள் சிலர் தரையில் இருந்து அழுதார்கள். நான் அழவில்லை. மெத்தையை எடுத்துத் தட்டினேன்.

அதன் பின்னர் வெளியே வந்தேன். பளீல் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றார். "என்ன செய்ய ஏலும் ராத்தா, முதலாளி சொன்ன. புது இடத்துல என்னய மெனேஜரா போட்டிரிக்கி. நீங்க இஞ்ச இருந்தா லொறிக்கு முன்னால படுத்திரிப்பீங்க, பொலிஸ் வந்து அடி விழுந்திரிக்கும். உங்கட நன்மைக்குத்தான் தூரத்துக்குக் கூட்டிப்போன" என்றார். எங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டு அதை நன்மை என்றார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிருக்கு நல்லது செய்ததாகச் சொன்ன கதைதான்.

அதையும் நான் பொறுத்தேன். முறைப்பாட்டில் அவர் இதைச் சொன்ன உடனேயே நான் அடித்ததாகச் சொல்லியிருக்கிறார், அது பொய். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "பளீல், காலையில கதிரையில இருந்து நீ கடலப் பாத்தியா?" என்று கேட்டேன். "மறுகா எந்த சுனாமி ராத்தா வரப்போகுது?" என்றார்.

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். ஒரு அடிதான். இடது கன்னத்தில் பட்டது. செருப்பில் அறுகம்பே மணல் ஒட்டியிருந்தது, அது அவர் கண்ணிலும் விழுந்திருக்கலாம். செல்லத்தங்கம் என் கையைப் பிடித்தாள், நான் திமிறவில்லை. வேறு யாரும் அவரைத் தொடவில்லை.

பளீல் ஆள் அனுப்பி, நான் மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கமாட்டேன். கோர்ட்டில் குற்றவாளியா என்று கேட்டால் ஓம் என்று சொல்வேன். மெசின் கதையை லேபர் ஒப்பீஸில் பேசிக்கொள்கிறோம். எனக்கு இந்த நிலையத்தில் வேண்டியது ஒன்றுதான். எங்கள் விசில் இன்னும் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது, அதை வாங்கித் தரவேண்டும். றிஸ்னா திரும்பவும் காதைப் பொத்தத் தொடங்கிவிட்டாள். அவளை நான் மறுபடி கடலுக்குக் கூட்டிப்போகவேண்டும், கதிரையில் நான் இருப்பேன்.

நான் சொன்னபடி எழுதப்பட்ட இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அடித்த காரணம் என்ற இடத்தில் "மெசின்கள் போன ஆத்திரத்தில்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டி, "அவர் கடலைப் பார்க்காதபடியால்" என்று எழுதச் சொன்னேன். வெட்டிய இடத்தில் ஒரு கையொப்பமும் கீழே ஒரு கையொப்பமும் வைத்தேன். மற்றதெல்லாம் சரி, முழுவதும் உண்மை.

ஒப்பம்: ஆ. மைமூனா